கெர்ட்ரூட் பார்த்த பச்சை வட்டம்

"அவன் நல்லாத்தான் இருக்கான் ஐயாசாமி. இந்தா பாரு, பச்சதான் காட்டுது."

மலேசியாவின் லாபிஸ் டவுன் காலைச் சந்தையில் மீன் விற்கும் ஐயாசாமி கெர்ட்ரூட்டின் மகனைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாலை வெட்டவா, முழுசாகவே வேணுமா என்றுதான் கேட்டான். அவள் அதற்குப் பதில் சொல்லாமல் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். போனில் டெஸ்மண்டின் படம். படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை வட்டம்.

"அக்கா, ஒன் மகன் பச்சையாவே இருக்கட்டும்லா. எனக்குப் பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. வால வெட்டவா?"

"வெட்டு வெட்டு. மஞ்சயா இருந்தாதான் பயமாம். செவப்புன்னா காலேஜ்லேர்ந்து கூப்புடுவாங்களாம். இவனுக்கு ஒரு நாளுகூட மஞ்ச வந்ததில்ல."

சந்தையில் பாதிப் பேருக்கு அந்த வட்டத்தைத் தெரியும். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதருக்கே ஒருமுறை காட்டியிருக்கிறாள்.

அவள் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது? கெர்ட்ரூட் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றியபோது குடும்பமே டவுன் பக்கம் வந்துவிட்டது. ஆரம்பப் பள்ளியோடு அவள் படிப்பு நின்றது. இப்போது பள்ளிக்கூட கண்டீனில் சமையல். புருஷன் ரொனால்ட் சிங்கப்பூரில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார், அங்கேயே தங்கி, லீவு கிடைக்கும்போது வந்து போவார். ஒரே பிள்ளை டெஸ்மண்ட். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் காலேஜில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தான். லாபிஸ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து அங்கே ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அந்த வட்டம் காலேஜ் கொடுத்தது. பெற்றோர் கூட்டத்தில் சாந்தினி என்கிற மிஸ் எல்லோருடைய போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குப் படிப்பில் வழி சொல்வது, நடுவில் விட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் அவள் வேலை. மேடையில் நின்று அவள் சொன்னது கெர்ட்ரூட்டுக்கு நன்றாகவே புரிந்தது.

"முன்னாடியெல்லாம் ஒரு பையன் காணாமப் போறது பரீட்சைக்கு வராதப்பத்தான் எங்களுக்கே தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இப்ப கிளாஸ் ஆரம்பிச்ச ஒடனே திரையில ஒரு கட்டம் வரும். பிள்ளைங்க அவங்கவங்க போனால அத ஸ்கேன் பண்ணுவாங்க. வந்தாங்களா, பாடத்தத் தொறந்து பாத்தாங்களா, வீட்டுப் பாடம் அனுப்பினாங்களான்னு ஆப்பே கூட்டிப் பாத்து நெறம் காட்டும். மஞ்ச வந்தா நான் மெசேஜ் போடுவேன். செவப்பு வந்தா நேர்ல கூப்புடுவேன். போன வருஷம் இதால நெறைய பேரத் திருப்பிக் கொண்டாந்திருக்கோம்."

அன்றிலிருந்து கெர்ட்ரூட் காலையில் செபம் சொல்லி முடித்து, அடுப்பைப் பற்ற வைக்கும் முன் வட்டத்தைப் பார்ப்பாள். பிறந்த குழந்தை அசையாமல் தூங்கினால், பெரியவர்கள் அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. வருகிறது என்று தெரிந்த பிறகும் இன்னொருமுறை வைத்துப் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான், மதியம் ஒருமுறை திறந்து பார்ப்பாள்.

பகலில் போன் செய்தால் டெஸ்மண்ட் எடுக்க மாட்டான். கிளாஸில் இருக்கிறேன் என்று எழுத்தில் பதில் வரும். அதனால் அவள் குரலில் பேசி அனுப்புவாள். "டேய், சாப்பிட்டியா, வெறும் மீ நூடுல்ஸயே தின்னுட்டுக் கெடக்காத." முன்பெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். இந்த செமஸ்டரில் வார்த்தையே வர ஆரம்பித்தது. 'சாப்டேன் மா. நீங்க சாப்டீங்களா.' பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ரொனால்டிடம் சொன்னாள். மாலையில் அவனே கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினால் குரல் தளர்ந்து இருக்கும். ராப்பகலாகப் படிக்கிறான் போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டாள்.

சாந்தினி மிஸ் கூப்பிட்டபோது கண்டீனில் கோழி பொரிந்துகொண்டிருந்தது.

"ஆண்ட்டி, டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்திருக்கானா?"

"இல்லியே மிஸ். அங்கதான காலேஜ்ல இருக்கான். இப்பத்தான் பாத்தேன், பச்ச."

"என் ஸ்கிரீன்லயும் பச்சதான் ஆண்ட்டி. ஆனா பட்டறையில செய்முறைச் சோதன நடந்துச்சு. அதுக்கு ஸ்கேன் கெடையாது, லெக்சரர் பக்கத்துல நின்னு கையால மார்க் போடுவாரு. டெஸ்மண்ட் வரல. அவன இந்த செமஸ்டர்ல ஆரம்பத்துல பாத்ததோட சரின்னு லெக்சரர் சொல்றாரு."

"ஆள மாத்திப் பாத்திருப்பாரு மிஸ்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மத்த லெக்சரருங்களையும் கேட்டேன் ஆண்ட்டி."

கோழி கரிந்தது. கெர்ட்ரூட் அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றாமலே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஜொகூர் பாரு போய்ச் சேரும்வரை மகனுக்குப் பேசிப் பேசி அனுப்பினாள். 'கிளாஸ்ல இருக்கேன் மா' என்று பதில் வந்தது. சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் இன்னொன்று வந்தது. 'சாப்டேன் மா.' அதை அவள் இரண்டு முறை படித்தாள். அவள் அப்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

பையன்களின் வாடகை வீட்டில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மாடியில் கடைசி அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் வாசலில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"டெஸ்மண்ட். டேய் ஐயா. அம்மாடா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். அவள் தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள், மாதாவைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "போம்மா" என்று ஒரு குரல் வந்தது. அது அவன் குரல்தான். ஆனால் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி வந்தது.

மற்ற பையன்கள் காலேஜ் முடிந்து வந்தபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முதலில் உள்ளே வந்தவன் வசந்தன். லாபிஸில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருப்பவன். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு தன் பையைத் திறந்து ஒரு போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அது டெஸ்மண்டின் போன்.

"இது எப்படிடா ஒன்கிட்ட?"

"நான்தான் ஆண்ட்டி காலையில எடுத்துட்டுப் போவேன். அவனுக்கும் சேத்து ஸ்கேன் பண்ணுவேன். வீட்டுப் பாடம் நாங்க மாத்தி மாத்தி அனுப்புவோம். சாயங்காலம் வந்து அவன்கிட்ட குடுத்துருவேன்."

"எனக்கு எழுதுறது?"

வசந்தன் தலையைத் தொங்கப் போட்டான். "அதுவும் நான்தான். சொல்லாதடான்னு சொன்னான். மஞ்ச வந்துச்சுன்னா அம்மா செத்துருவாங்கடான்னு சொன்னான் ஆண்ட்டி."

கெர்ட்ரூட் கையை ஓங்கிவிட்டாள். வசந்தன் விலகவில்லை.

"நீங்கதான ஆண்ட்டி சொன்னீங்க," என்றான். "கிறிஸ்மஸுக்கு ஒங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப. தோட்டத்துல காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்புடுவாங்க, ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா பக்கத்துல நிக்கிறவன் அவனுக்கும் சேத்துக் கொரல் குடுப்பான், அவன் மரத்தையும் இவனே வெட்டிருவான், எவன் பேரையும் விழ விடமாட்டோம்னு. நீங்களும் அப்படித்தான் இருக்கணும்டான்னு சொன்னீங்க."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. சொன்னது நிஜம். கோழிக் குழம்பை நாலு பேருக்கும் ஊற்றிக்கொண்டே சொன்னாள். தோட்டத்தில் அது சரியாகத்தான் இருந்தது. அங்கே காய்ச்சலில் படுத்தவன் எந்த வீட்டில் படுத்திருக்கிறான் என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியும். மாலையில் பத்துப் பேர் கஞ்சியோடு வந்து எட்டிப் பார்ப்பார்கள். இங்கே குரல் கொடுத்த பையன்கள் மூன்று பேரைத் தவிர இவன் படுத்திருப்பது யாருக்குமே தெரியாது.

"என்னதான்டா ஆச்சு அவனுக்கு?"

"தெரியல ஆண்ட்டி. ஒரு பேப்பர் போச்சு. அது எங்களுக்கும்தான் போச்சு. ஒரு நாள் எந்திரிக்க முடியலன்னான். சரி தூங்குடான்னோம். மறுநாளும் எந்திரிக்கல. ரெண்டு நாளுல சரியாயிரும்னு நெனச்சோம்."

ரொனால்டுக்குப் போன் போட்டாள். அவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார்.

"கதவ ஒடச்சி இழுத்துட்டு வா. சொகுசு கூடிப்போச்சு அவனுக்கு."

"ஒடச்சா உள்ள இருக்கவனும் ஒடஞ்சிருவான்ங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"எனக்குத் தெரிஞ்சா ஒங்கள ஏன் கேக்குறேன்."

அந்தப் பக்கம் ரொனால்ட் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் அழுது அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் காலேஜுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சாந்தினி மிஸ் தன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். சின்னச் சின்ன முகங்கள், பக்கத்தில் வட்டங்கள், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"இவ்வளவு பேருக்கும் நான் ஒருத்திதான் ஆண்ட்டி. மஞ்சயும் செவப்பும் மட்டுந்தான் தொறந்து பாப்பேன். பச்சயத் தொறக்க நேரமில்ல. ஒங்க மகன இந்த செமஸ்டர்ல நான் ஒரு தடவகூடத் தொறந்து பாக்கல."

"இப்ப என்ன மிஸ் செய்வீங்க?"

"கையால செவப்பு ஆக்கணும்."

கெர்ட்ரூட் எழுந்து நின்றுவிட்டாள். "மிஸ், அத மட்டும் செய்யாதீங்க. ஒங்க கால்ல வேணாலும் விழறேன். நான் எப்படியாவது எழுப்பிக் கூட்டிட்டு வந்துர்றேன். ஊரெல்லாம் காட்டிட்டேன் மிஸ்."

"ஒக்காருங்க ஆண்ட்டி. செவப்பு ஆனாத்தான் மனநல ஆலோசன சொல்ற கவுன்சிலருக்குப் போவும், டீனுக்குப் போவும். பச்சயா இருக்க வரைக்கும் அவனுக்கு ஒதவி செய்யணும்னு இங்க ஒருத்தருக்கும் தோணாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட பேர்ப் பட்டியல மூடிருவாங்க. அதுக்குள்ள இந்த செமஸ்டர ஒத்திப் போடணும்னு டெஸ்மண்டே சொல்லணும். வயசு வந்த பையன், நீங்க அவனுக்காகச் சொல்ல முடியாது. அவனே என்கிட்ட பேசி, அவன் போன்லயே சம்மதம்னு அமுக்கணும். இல்லன்னா பேர் எடுபட்டுப் போவும். அமுக்கிட்டான்னா எடம் இருக்கும். அப்புறம் டாக்டரும் அவனப் பாக்கணும்."

"அந்தப் பையனுங்க?"

"அத நான் மறைக்க முடியாது ஆண்ட்டி. அவங்களே வந்து சொன்னா கொஞ்சம் லேசாப் போவும்."

அவள் பையன்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்று மாலை, காலேஜில் போய்ச் சொல்லும்படி வசந்தனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் உரித்துவிட்டாள். அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னா எனக்கும் எடம் போவும்ல ஆண்ட்டி?"

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"அலமாக், இவ்வளவு வெங்காயத்த வச்சு என்னா செய்யப் போறீங்க," என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். மறுநாள் டெஸ்மண்டின் போனை எடுக்காமல் காலேஜுக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். பட்டறைப் பாடம் அவனுக்கு ரத்தானது, அடுத்த செமஸ்டரில் மறுபடி எடுக்க வேண்டும். மற்ற இருவருக்கும் எச்சரிக்கை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் வசந்தனின் அம்மா முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பது கெர்ட்ரூட்டுக்கு இன்றுவரை தெரியவில்லை.

வட்டம் சிவப்பானது. அவள் அதைப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், அரிசியைக் கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அவள் அந்தக் கதவுக்கு முன்னால்தான். பேசியே தொண்டை கட்டிவிட்டது. காலேஜுக்குப் போக வேண்டாம், எழுந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். உட்கார வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றாள். உள்ளே இருந்து மூச்சுகூட வரவில்லை. மதியம் சாய்ந்தது. பையன்கள் கீழே சத்தமில்லாமல் நடந்தார்கள். அந்த ஒரு நாளில் அவள் இருந்த இருப்பு எதிரிக்கும் வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று சாவித் துளையில் காதை வைத்துக் கேட்டாள்.

அப்போது கீழே ஒரு கார் நின்றது. சாந்தினி மிஸ் மாடிக்கு வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"டெஸ்மண்ட், நான் சாந்தினி மிஸ். என்னை ஒனக்கு ஞாபகம் இருக்காது. போன மாசம் ஒனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, உன் முயற்சியைப் பாராட்டுகிறோம்னு. அது நான் அனுப்பல. ஆப்பு அனுப்புச்சு."

உள்ளே இருந்து டெஸ்மண்டின் குரல் வந்தது.

"தெரியும் மிஸ். வசந்தன் படிச்சுக் காட்டுனான். சிரிச்சோம்."

"சிரிக்கிற மெசேஜ்தான் அது. நான் ஒன்னைப் பாத்திருக்கணும், பாக்கல. அத விடு. ஒன்னே ஒன்னு கேக்க வந்தேன். எடத்த வச்சிருக்கவா, எடுத்துறவா? எதச் சொன்னாலும் தப்பில்ல. ஆனா நீதான் சொல்லணும்."

கெர்ட்ரூட் வாயைத் திறந்தாள். சாந்தினி கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"என்னால முடியல மிஸ்."

"முடியலன்னுதான் ஒத்திப் போடுறது. முடிஞ்சவன் ஏன் ஒத்திப் போடுறான்?"

சாந்தினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வச்சிருங்க."

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. நகமெல்லாம் நீண்டு, மணிக்கட்டு மெலிந்து, அது தன் பிள்ளையின் கை என்று கெர்ட்ரூட்டால் நம்ப முடியவில்லை. சாந்தினி கெர்ட்ரூட்டிடம் இருந்த அவன் போனை வாங்கி அந்தக் கையில் வைத்தாள். கை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் போன் வெளியே வந்தது. அமுக்கியிருந்தான். கதவு மூடிக்கொண்டது. ஆனால் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

அப்படித்தான் டெஸ்மண்ட் லாபிஸுக்கு வந்து சேர்ந்தான். ரொனால்ட் லீவு போட்டு வந்து, ஒன்றும் பேசாமல், மகனைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார். வாரம் ஒருமுறை சாந்தினி மிஸ் கூப்பிடுகிறாள். சில வாரம் அவன் பேசுகிறான், சில வாரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அவளும் சும்மா இருக்கிறாள், வைத்துவிடுவதில்லை. இப்போது பச்சை வட்டங்களிலும் தினம் சிலவற்றைத் திறந்து, அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுகிறாளாம்.

சந்தையில் கெர்ட்ரூட் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. ஐயாசாமி வாலை வெட்டித் தருகிறான், அவள் வாங்கிக்கொண்டு வருகிறாள்.

டாக்டர் பார்ப்பதுதான் பாக்கி. பக்கத்து ஊர் சிகாமட் ஆஸ்பத்திரியில் போன தடவை கொடுத்த நாளில் டெஸ்மண்ட் படுக்கையைவிட்டு எழவே இல்லை, வந்த வாடகைக் கார் வெறுமனே திரும்பிப் போனது. டாக்டர் பார்த்தால்தான் ஒத்திப்போட்டது செல்லும். காலேஜில் இன்னொரு தவணை வாங்கித் தந்திருக்கிறார்கள், இதற்கு மேல் கேட்க முடியாது என்று சாந்தினி மிஸ் சொல்லிவிட்டாள். அந்த நாள் இன்றைக்குத்தான்.

இன்று காலை காளிதாஸ் தன் வாடகைக் காரை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரனில் கை வைத்தார். கெர்ட்ரூட் நல்ல சேலை கட்டி, தலை சீவி, செருப்பில்லாமல் கேட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஹாரன் அடிக்காதீங்க அண்ணே. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கட்டும், அந்தச் சத்தம் அவனுக்குக் கேக்கட்டும். எந்திரிச்சுச் சட்டைக்குள்ள ஒரு கைய விட்டிருக்கான். இன்னொரு கைக்கு நான் போயி பக்கத்துல நிக்கிறேன்."